சீலியாக் உள்ளவர்கள் மருந்துச் சோதனைக்குப் பேர் கொடுக்கலாமா? குமரி மாவட்டத்திலிருந்து ஒரு கேள்வி

ஜெபா, குழித்துறை

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 38. சீலியாக் நோய் இருக்கிறது என்று தெரிந்து சில வருடம் ஆகிறது. கோதுமை, பார்லியில் உள்ள குளூட்டன் என்ற புரதம் ஒத்துக்கொள்ளாமல் குடல் அடிபடும் நோய் இது. அதற்கு முன்னால் வளைகுடாவில் வேலை பார்த்தபோது வேளாவேளைக்குக் குப்பூஸ் என்ற கோதுமை ரொட்டிதான் சாப்பாடு. வயிற்றுப்போக்கு நிற்காது, எடை இறங்கிக்கொண்டே போகும், எவ்வளவு இரும்புச்சத்து மாத்திரை போட்டாலும் ரத்தம் ஏறாது. ஊருக்குத் திரும்பிய பிறகும் கேஸ் டிரபிள், டென்ஷன் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். கடைசியில் திருவனந்தபுரத்தில் ஒரு டாக்டர், சீலியாக் எதிர்ப்பொருளை அளக்கும் டி.டி.ஜி. என்ற ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். அப்புறம் எண்டோஸ்கோப்பி, பயாப்ஸி, அதாவது குழாய் விட்டுக் குடலிலிருந்து சதை எடுத்துப் பார்ப்பது. கோதுமையை விட்டேன், ஆள் தேறிவிட்டேன்.

போன தடவை போனபோது அதே டாக்டர் கேட்டார்: "இதற்கு மருந்து கண்டுபிடிக்க வெளிநாடுகளில் சோதனை நடந்துகொண்டிருக்கிறது. இங்கே ஏதாவது வந்தால் சேர விருப்பமா? பேரைக் குறித்துக்கொள்ளட்டுமா?" சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் சொன்னதும் அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். மாமா, "தேறின உடம்பை எதுக்கு எலியாக்கணும்?" என்கிறார்.

எனக்குச் சேர ஆசை இருக்கிறது. சோறும் மரச்சீனியும் மீனும் உள்ள ஊரில் வீட்டுச் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஆனால் இந்த நோய்க்கு இன்று வரை மாத்திரை என்று ஒன்று கிடையாது. என் மகளுக்கும் வர வாய்ப்பு இருக்கிறது என்கிறார்கள். அவள் காலத்திலாவது ஒரு மருந்து இருக்க வேண்டும், அதற்கு யாராவது முன்வந்துதானே ஆக வேண்டும்?

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சோதனையில் கோதுமை சாப்பிட வைப்பார்களா? ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு? பணம் தருவார்களா? பணம் தந்தால் அதை நம்பலாமா?

செல்வம், வடசேரி

ஜெபா தம்பி, மருந்துக்கடை நடத்துகிறேன், இந்த விஷயத்தைக் கொஞ்ச நாளாகவே கவனித்து வருகிறேன். முதல் கேள்விக்கு மட்டும் இப்போது பதில். சில சோதனைகளில் சாப்பிட வைப்பார்கள். மறைக்க மாட்டார்கள், சம்மதப் படிவத்திலேயே எழுதியிருக்கும். நீங்கள் முதலில் தேட வேண்டிய வரி அதுதான்.

ஒரு உதாரணம். இசட்.ஈ.டி. 1227 என்று ஒரு மருந்து. சீலியாக் உள்ளவர்கள் உடம்பில் குளூட்டனை மாற்றியமைத்து நோய் எதிர்ப்பு அணுக்களை உசுப்பிவிடும் டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நொதியையே அடக்கி வைக்கும். ஐரோப்பாவில் நடந்த சோதனை, முடிவு 2021ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. அதில் சேர்ந்தவர்கள் எல்லோரும் உங்களைப் போல் உணவுக் கட்டுப்பாட்டில் இருந்து குடல் தேறியவர்கள். அவர்களுக்குத் தினமும் 3 கிராம் குளூட்டன், ஆறு வாரம், பிஸ்கட்டாகக் கொடுத்தார்கள். முன்னும் பின்னும் குடலிலிருந்து சதை எடுத்துப் பார்த்தார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தில்லாத வெற்று மாத்திரை கிடைத்தவர்களுக்குக் குடல் நன்றாகவே அடிபட்டது. மருந்து கிடைத்தவர்களுக்கு மூன்று அளவிலும் பாதிப்பு குறைவு. அதிக அளவு எடுத்தவர்களில் 40 பேரில் 3 பேருக்குத் தோலில் தடிப்பு வந்தது.

3 கிராம் என்றால் கேட்க ஒன்றுமில்லாதது போலத் தெரியும். ஒரு பரோட்டாவில் அதைவிட அதிகம் இருக்கும். ஆனால் 2007ல் வந்த இத்தாலிய ஆய்வு, தினம் 50 மில்லிகிராம் தொடர்ந்து மூன்று மாதம் போனாலே குடலில் மாற்றம் தெரியும் என்று காட்டியது. 3 கிராம் அதைப் போல 60 மடங்கு. லாட்டிகுளூட்டனேஸ் என்ற இன்னொரு மருந்து, வயிற்றுக்குள்ளேயே குளூட்டனை வெட்டிப் போடும் நொதி. அதன் ஒரு சோதனையில் தினம் 2 கிராம், அதுவும் ஆறு வாரம்.

எல்லாச் சோதனையும் இப்படி இல்லை. கட்டுப்பாட்டில் இருந்தும் தொந்தரவு தீராதவர்களை மட்டும் எடுத்து, குளூட்டன் எதுவும் கொடுக்காமல் மருந்தை மட்டும் கொடுத்துப் பார்ப்பதும் உண்டு. அதனால் "சோதனைக்குப் போகலாமா" என்று பொதுவாகக் கேட்டால் பதில் சொல்ல முடியாது. எந்தச் சோதனை என்று தெரிய வேண்டும்.

ரோஸ்லின், மணவாளக்குறிச்சி

தம்பி, உங்க அம்மா அழுதது எனக்குப் புரிகிறது. என் மகளுக்குச் சீலியாக்கும் உண்டு, சிறுவயதுச் சர்க்கரை நோயும் உண்டு. இரண்டும் சேர்ந்து வருவது சகஜமாம். அவள் வயிறு சரியாகி, பள்ளிக்கூடம் ஒழுங்காகப் போக ஆரம்பித்தது இப்போதுதான். ஆறு வாரம் தினம் ஒரு பிஸ்கட் கொடுத்து அதைக் கெடுக்கிறோம் என்று யாராவது வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவேன்.

பெரியவர்கள் தங்கள் உடம்பை வைத்து முடிவெடுக்கலாம். பிள்ளைகளை இதில் இழுக்காதீர்கள். இது என் கருத்து.

அனீஸ், தக்கலை

ரோஸ்லின் அக்கா சொல்வது நியாயம். பிள்ளைகள் விஷயத்தில் பெற்றோர் சம்மதம் மட்டும் போதாது. ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 நெறிமுறைப்படி 7 வயதிலிருந்து பிள்ளையிடமும் கேட்க வேண்டும், 12க்கு மேல் எழுத்தில் வாங்க வேண்டும்.

நான் திருவனந்தபுரத்தில் மருந்துச் சோதனை ஒருங்கிணைப்பாளராக வேலை பார்க்கிறேன். சீலியாக் இல்லை, வேறு துறை. ஆனால் சட்டம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்: 2019ல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகள். ஜெபா அண்ணன் கேட்ட "யார் பொறுப்பு" என்பதற்குப் பதில் அதில் தெளிவாக இருக்கிறது.

சோதனையில் இருக்கும்போது உடம்புக்கு ஏதாவது வந்தால் சிகிச்சை இலவசம். டாக்டர் தேவை என்று சொல்லும் வரைக்கும், அல்லது அந்தப் பாதிப்புக்கும் சோதனைக்கும் சம்பந்தமில்லை என்று நிரூபணம் ஆகும் வரைக்கும். சோதனையால்தான் வந்தது என்று முடிவானால் அதற்கு மேல் நஷ்டஈடு, அதை நடத்தும் நிறுவனம் கொடுக்க வேண்டும். உயிரிழப்பு என்றால் 8 லட்சத்தை அடிப்படையாக வைத்து, வயதையும் நோயின் நிலையையும் பார்த்துக் கணக்குப் போடுவார்கள். இங்கே உங்களுக்கு முக்கியமான இடம் ஒன்று: மாத்திரையால் வந்த பாதிப்பு மட்டும் கணக்கில்லை. சோதனைக்காகச் செய்யும் செயல்முறைகளால் வந்ததும் சேரும். எண்டோஸ்கோப்பியும் அந்தக் கோதுமை பிஸ்கட்டும் செயல்முறைதான். படிவத்தில் அது அப்படி எழுதப்பட்டிருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

சம்மதப் படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். எல்லையோரம் என்பதால் இங்கே மலையாளப் படிவத்தை நீட்டுவதைப் பார்த்திருக்கிறேன். தமிழில் கேளுங்கள், கொடுத்தே ஆக வேண்டும். கையெழுத்துப் போட்ட ஒரு பிரதி உங்களிடம் இருக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல் விலகலாம். விலகியதற்காக உங்கள் வழக்கமான சிகிச்சையை யாரும் நிறுத்த முடியாது.

முருகேசன், பூதப்பாண்டி

ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அனீஸ் தம்பி சொல்லும் சட்டமெல்லாம் சும்மா வந்ததில்லை என்பதையும் இங்கே பதிய விரும்புகிறேன். 2009ல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் பள்ளி வயதுச் சிறுமிகளுக்கு கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வு நடந்தது. விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமிகளுக்கு விடுதிக் காப்பாளர்களே கையெழுத்துப் போட்டார்கள். பெற்றோருக்குச் சேதியே போகவில்லை. நாடாளுமன்ற நிலைக்குழு 2013ல் அதைக் கடுமையாகக் கண்டித்து அறிக்கை கொடுத்தது. அதே வருடம் அக்டோபரில் உச்ச நீதிமன்றம், சம்மதம் வாங்குவதை வீடியோ எடுக்க வேண்டும் என்றது. இன்றைய விதியிலும், புத்தம்புது மருந்தை எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களிடம் சோதிக்கும்போது அந்தப் பதிவு கட்டாயம்.

அதனால் தம்பி, போகாதே என்று நான் சொல்லவில்லை. அன்றைக்கே கையெழுத்துப் போடாதே. படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவா, அம்மாவுக்கும் மாமாவுக்கும் உரக்கப் படித்துக் காட்டு. வீட்டுக்குக் கொடுத்தனுப்ப மாட்டோம் என்று சொல்லும் இடம் எதுவாக இருந்தாலும் எழுந்து வந்துவிடு.

ஜெபா, குழித்துறை

முருகேசன் சார், மிக்க நன்றி. உரக்கப் படிப்பது நல்ல யோசனை, மாமாவுக்கு அப்படித்தான் புரியவைக்க முடியும். அனீஸ் தம்பி, பணம் பற்றியும் சொல்லுங்கள். இன்னொன்று, என் பேரை டாக்டர் குறித்துக்கொண்டால் நேராகச் சேர்த்துவிடுவார்களா?

அனீஸ், தக்கலை

மருந்துச் சோதனையில் நோயாளிக்குச் சம்பளம் என்று கிடையாது. போக்குவரத்துச் செலவு, சாப்பாடு, வேலைக்குப் போகாத நாளின் கூலி, இவ்வளவுதான் வழக்கம். அந்தத் தொகையும், சோதனைகளை ஆராய்ந்து அனுமதிக்கும் நெறிமுறைக் குழு பார்த்து ஒப்புக்கொண்டதாக இருக்க வேண்டும். ஆரோக்கியமானவர்களைச் சில நாள் தங்கவைத்து ரத்தம் எடுக்கும் ஆய்வுகள் வேறு, பணம் பேசுவது அங்கேதான். கையில் பெரிய தொகை தருகிறோம் என்று சீலியாக் நோயாளியிடம் யாராவது பேசினால் சந்தேகப்படுங்கள்.

எந்தச் சோதனை என்றாலும் சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் இருக்க வேண்டும். 2009 ஜூன் 15 முதல் கட்டாயம். யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பதிவு எண் சி.டி.ஆர்.ஐ. என்று தொடங்கி வருடம், மாதம், வரிசை எண் என்று வரும். எந்த ஊரில் எந்த டாக்டர், நெறிமுறைக் குழு ஒப்புதல் வந்ததா, யாரைச் சேர்ப்பார்கள், யாரைச் சேர்க்க மாட்டார்கள், எல்லாம் அதிலேயே இருக்கும். எண் கேட்டால் தயங்குகிற இடத்தில் நிற்கவே வேண்டாம்.

நேராகச் சேர்ப்பதெல்லாம் இல்லை. சீலியாக் சோதனைகளில் பொதுவாகக் கேட்பது பயாப்ஸியில் உறுதியான நோய், ஒரு வருடமாவது குளூட்டன் இல்லாத சாப்பாடு, இப்போது டி.டி.ஜி. இறங்கியிருக்க வேண்டும், சீலியாக்கோடு தொடர்புள்ள டி.க்யூ. 2 அல்லது டி.க்யூ. 8 மரபணு. கர்ப்பிணிகளை எடுக்க மாட்டார்கள். நம் பக்கத்தில் பலர் முதல் படியிலேயே விழுகிறார்கள். ரத்தப் பரிசோதனை மட்டும் பார்த்துவிட்டு, பயாப்ஸி செய்யாமலேயே கோதுமையை நிறுத்தியவர்கள் நிறைய. அப்புறம் எண்டோஸ்கோப்பி போனால் குடல் தேறியிருக்கும், நோய் இருந்ததற்கே சாட்சி இருக்காது. ஜெபா அண்ணே, உங்கள் பயாப்ஸி அறிக்கையைப் பத்திரமாக வையுங்கள். சதைத் துண்டு பதித்த மெழுகுக் கட்டி அந்தப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறதா என்றும் எழுதிக் கேட்டு வையுங்கள். கேட்காவிட்டால் சில வருடத்தில் அழித்துவிடுவார்கள்.

நீங்கள் முன்வருவது நல்லது என்று நான் நினைப்பதற்கு ஒரு காரணம் சொல்கிறேன். டாக்டர் பி.எஸ். ராமகிருஷ்ணா, டெல்லி எய்ம்ஸ் டாக்டர் கோவிந்த் மகாரியா முதலானோர் சேர்ந்து 2016ல் வெளியிட்ட ஆய்வில் 23,331 பேரைப் பார்த்தார்கள். ரத்தத்தில் சீலியாக் எதிர்ப்பொருள் இருந்தவர்கள் வடக்கே 1.23 சதவீதம், வடகிழக்கில் 0.87, தெற்கே 0.10. மரபணு எல்லாப் பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான். வித்தியாசம் தட்டில்: வடக்கே ஒருவர் ஒரு நாளில் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட்டார், தெற்கே 25 கிராம். தெற்கில் ஆள் குறைவு என்பதால், இங்கே ஒரு டாக்டருக்கு இந்த நோய் மனதில் தோன்றுவதே அபூர்வம். ஆய்வுக்கும் யாரும் தேடி வருவதில்லை. அரிசிச் சாப்பாட்டுக்காரனின் குடல் எப்படித் தேறுகிறது, எவ்வளவு நாளில் தேறுகிறது என்று சொல்ல உங்களைப் போன்றவர்களின் விவரம் வேண்டும்.

மேரி, கருங்கல் (இப்போது டப்ளின்)

நான் எண்டோஸ்கோப்பி பிரிவில் செவிலியர். மருந்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், குழாயைப் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன்.

சோதனை என்றால் பெரும்பாலும் இரண்டு எண்டோஸ்கோப்பி, ஆரம்பத்தில் ஒன்று, கடைசியில் ஒன்று. முந்தின ராத்திரிக்கு அப்புறம் சாப்பாடு கிடையாது. தொண்டையில் மரத்துப்போகும் மருந்தைத் தெளிப்பார்கள், கசக்கும், எச்சில் விழுங்கவே முடியாதது போலத் தோன்றும். அது மருந்தின் வேலைதான், பயப்பட வேண்டாம். இடது பக்கமாகச் சாய்ந்து படுக்கவேண்டும், பல்லுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் வளையம். குழாய் இறங்கும்போது குமட்டும். சதை எடுப்பது வலிக்காது, குடலின் உள்பக்கத்தில் அந்த வலி தெரிவதில்லை. முன்சிறுகுடலில் ஒரே இடத்தில் எடுக்க மாட்டார்கள், நாலைந்து துண்டு எடுப்பார்கள், ஏனென்றால் பாதிப்பு திட்டுத்திட்டாக இருக்கும். மொத்தம் பத்து பதினைந்து நிமிடம். அரைத்தூக்க ஊசி போட்டால் அன்றைக்கு வண்டி ஓட்டக்கூடாது, கூட ஒருவர் வர வேண்டும். குழித்துறையிலிருந்து திருவனந்தபுரம் போய்த் திரும்பும் ஆளுக்கு அதுவும் ஒரு செலவு, கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், தோற்றுப்போன சோதனைகளையும் தெரிந்துகொண்டு போங்கள். நெக்ஸ்வேக்ஸ் 2 என்ற தடுப்பூசி முயற்சி 2019ல் நின்றது. லாராசோடைட் என்ற மருந்து கடைசிக் கட்டம் வரை வந்து 2022ல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. இப்போது லாட்டிகுளூட்டனேஸ் என்கிறோமே, அதைப் பழைய பெயரில் 494 பேரிடம் சோதித்தபோது மருந்து எடுத்தவர்களுக்கும் குடல் தேறியது, வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் தேறியது. சோதனையில் இருக்கிறோம் என்றதும் எல்லோரும் சாப்பாட்டில் கூடுதல் கவனமாகிவிட்டார்கள். இப்படி ஆகிவிடக்கூடாது என்றுதான் சில சோதனைகளில் அளந்து குளூட்டன் கொடுக்கிறார்கள். கலந்துகொண்ட யாருடைய உழைப்பும் வீணாகவில்லை. ஆனால் உங்கள் மகளுக்கு நாளைக்கே மருந்து வந்துவிடும் என்ற எண்ணத்தோடு போகாதீர்கள். உங்களுக்குக் கிடைப்பது வெற்று மாத்திரையாகவும் இருக்கலாம். அதையும் தாங்கும் மனம் இருந்தால் போங்கள்.

ரோஸ்லின், மணவாளக்குறிச்சி

மேரி, கவனம் என்று சொன்னதால் கேட்கிறேன். நாம் இப்போது இருப்பதே உண்மையில் குளூட்டன் இல்லாத சாப்பாடுதானா? பெருங்காய டப்பாவைத் திருப்பிச் சின்ன எழுத்தைப் படித்துப் பாருங்கள், மைதா என்று இருக்கும். என் மகளுக்கு டி.டி.ஜி. இறங்காமல் நின்றபோது அதைத்தான் கண்டுபிடித்தோம். சாம்பார், ரசம், மோர் எல்லாவற்றிலும் அது போய்க்கொண்டிருந்தது. ஹார்லிக்ஸ் கோதுமையும் பார்லியும். பழம்பொரி மாவு மைதா. முந்திரிக்கொத்தைச் சிலர் மைதாவில் முக்குகிறார்கள்.

கோயிலில் நற்கருணை அப்பமும் கோதுமைதான். 2017ல் வத்திக்கான், குளூட்டன் அறவே இல்லாத அப்பம் செல்லாது, மிகக் குறைவாக உள்ளது செல்லும் என்று மறுபடியும் சொல்லியிருக்கிறது. பங்குத்தந்தையிடம் பேசினோம். என் மகள் தனிக் கிண்ணத்தில் திராட்சை இரசம் மட்டும் வாங்குகிறாள், அதுவும் முழு நற்கருணைதான் என்று சாமியார் அவளுக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னார். பக்கத்தில் இருக்கும் பிள்ளைகள் பார்ப்பார்களே என்று முதலில் கூச்சப்பட்டாள், இப்போது இல்லை.

செல்வம், வடசேரி

ரோஸ்லின் அக்கா சொன்னது ரொம்ப முக்கியம். கட்டிப் பெருங்காயமும் அப்படித்தான், பெரும்பாலும் மாவு சேர்த்தது. அரிசி மாவில் செய்வதும் கிடைக்கிறது, பார்த்து வாங்க வேண்டும். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையக் கணக்கில், கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குள் இருந்தால்தான் 'குளூட்டன் இல்லாதது' என்று போடலாம். பாக்கெட்டில் அந்த வாசகம் இல்லையென்றால் சேர்மானப் பட்டியலைப் படிப்பதைத் தவிர வழியில்லை.

இப்போதெல்லாம் சோதனைகளில் சிறுநீரிலும் மலத்திலும் குளூட்டன் துணுக்கு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஜெபா தம்பி, நீங்கள் சத்தியம் பண்ணினாலும் உங்கள் பெருங்காயம் காட்டிக்கொடுத்துவிடும். பேர் கொடுப்பதற்கு முன்னால் சமையலறையைச் சரிபார்த்து, டி.டி.ஜி. ஒரு தடவை எடுத்து வையுங்கள். சோதனையில் சேராவிட்டாலும் அது உங்களுக்கு நல்லதுதானே.

ஜெபா, குழித்துறை

எங்கள் வீட்டு டப்பாவிலும் மைதாதான் எழுதியிருக்கிறது. இன்றைக்கே எடுத்துவிட்டோம்.

அம்மாவையும் மாமாவையும் உட்காரவைத்து இந்தப் பதிவுகள் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்ற இடத்தில் மாமா நிறுத்தி, இரண்டாவது தடவை படிக்கச் சொன்னார். அம்மா, "அந்தப் பிஸ்கட் இல்லாத சோதனையாப் பாரு" என்று சொல்லியிருக்கிறார். நான் முடிவெடுத்தது இது. டாக்டரிடம் பேர் இருக்கட்டும். மருந்து இல்லாத, ரத்தமும் விவரமும் மட்டும் எடுக்கும் ஆய்வு வந்தால் உடனே சேர்வேன். குளூட்டன் கொடுக்கும் சோதனை வந்தால் எத்தனை கிராம், எத்தனை வாரம், அது முடிந்த பிறகு என் குடல் தேறுகிறதா என்று எத்தனை மாதம் தொடர்ந்து பார்ப்பார்கள், இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் வந்த பிறகுதான் யோசிப்பேன். கடைசிக் கேள்வியைப் பற்றி இங்கே யாரும் பேசவில்லை, எனக்கு அதுதான் பெரிது. பிஸ்கட் கொடுப்பவர்கள், நிறுத்திய பிறகும் என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதற்கு முன்னால் மகளுக்கும் தம்பிக்கும் ரத்தப் பரிசோதனை. நெருங்கிய ரத்த உறவில் பத்தில் ஒருவருக்கு இருக்கலாம் என்று டாக்டர் சொல்லியும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தோம்.

ஷைனி, நெய்யூர்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் வீட்டுக்காரருக்கு டி.டி.ஜி. அதிகமாக வந்திருக்கிறது, எண்டோஸ்கோப்பிக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். இதையெல்லாம் படித்த பிறகு பயமாக இருக்கிறது. இன்றைக்கே கோதுமையை நிறுத்திவிடட்டுமா?

மேரி, கருங்கல் (இப்போது டப்ளின்)

ஷைனி, நிறுத்தாதீங்க. எண்டோஸ்கோப்பி முடிகிற வரைக்கும் அவர் வழக்கமாகச் சாப்பிடுவதைச் சாப்பிடட்டும், சப்பாத்தி பரோட்டா உட்பட. இப்போது நிறுத்தினால் பயாப்ஸியில் சரியாகத் தெரியாது, திரும்பவும் கோதுமை சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்லும் நிலை வரும். தொந்தரவு தாங்க முடியாமல் இருந்தால் டாக்டரிடம் சொல்லித் தேதியை முன்னால் இழுங்கள். அறிக்கை வந்ததும் ஒரு பிரதி எடுத்து வீட்டில் வையுங்கள்.